ரத்தப் புற்றுநோய் செல்லின் ‘வெளித்தோற்றம்’: சிடி19, சிடி33, பிசிஎம்ஏ... புதிய மருந்துகள் எதைக் குறி வைக்கின்றன?

2023 அக்டோபரை ஓஎம்ஆர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். நாவலூர் சுங்கச்சாவடியில் 19-ம் தேதி முதல் கட்டணம் கிடையாது என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்த மாதம் அது. சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் நடுவே தினமும் வண்டி ஓட்டுபவர்களுக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறு இருந்திருக்காது.

அதே மாதத்தில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. இந்தப் பக்கம் அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் கார்-டி செல் சிகிச்சையான ‘நெக்ஸ்கார்19’-க்கு மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. கீமோவுக்கும் அடங்காமல் திரும்பத் திரும்ப வரும் சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கான சிகிச்சை இது. ஐஐடி பாம்பே, டாடா நினைவு மருத்துவமனை, ஐஐடியிலிருந்து பிறந்த இம்யூனோஆக்ட் நிறுவனம் ஆகியவை சேர்ந்து உருவாக்கியது.

பெயரின் கடைசியில் ஒரு 19 இருக்கிறதே, அது என்ன? அதற்குள்தான் கதையே இருக்கிறது.

சுங்கச்சாவடியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கட்டணம் வசூலித்த காலத்தில் அங்கே யாரும் உங்கள் வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்ததில்லை. காரா, வேனா, லாரியா என்று வெளியிலிருந்து பார்ப்பார்கள், அதற்கேற்ப ரசீது வரும். அவ்வளவுதான். நம் ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடிகளும் இப்படித்தான். அவற்றால் ஒரு செல்லுக்குள் நுழைந்து பார்க்க முடியாது. செல்லின் வெளிப்பக்கத்தில் என்ன நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும்தான் அவற்றால் தொட்டுப் பார்க்க முடியும்.

புற்றுநோய் செல் உள்ளே எவ்வளவு கெட்டுப்போயிருந்தாலும், வெளியே ஓர் அடையாளம் இல்லையென்றால் ஆன்டிபாடி மருந்துக்கு அங்கே வேலை இல்லை. அடையாளம் இருந்தால்? அந்த அடையாளம் நல்ல செல்களிலும் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கடந்த 25 வருடங்களுக்கு மேலாக ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியில் நடந்த பெரிய வெற்றிகளும் பெரிய தோல்விகளும் இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

ஏற்பி என்றால் என்ன?

ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அந்தச் சவ்வில் ஏராளமான புரதங்கள், பாதி வெளியே பாதி உள்ளே என்று குத்தி நிற்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பெயர் ஏற்பி. ஆங்கிலத்தில் ரிசெப்டர்.

வீட்டு காலிங் பெல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பட்டன் வெளியே, மணி உள்ளே. ரத்தத்தில் வரும் ஒரு வேதிப்பொருள் வெளியே இருக்கும் பட்டனை அழுத்தினால், ‘வளரு’, ‘இரண்டாகப் பிரி’, ‘செத்துப்போ’ என்று ஏதோ ஒரு செய்தி உள்ளே போகும். ஆரோக்கியமான செல்கள் இந்தச் செய்திகளைக் கேட்டுத்தான் நடந்துகொள்கின்றன.

சில ரத்தப் புற்றுநோய்களில் இந்த பெல்லே பழுதாகிவிடும். தீவிர மைலாய்டு லுகேமியாவை மருத்துவர்கள் சுருக்கமாக ஏஎம்எல் என்பார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு நோயாளிக்கு எஃப்எல்டி3 என்ற ஏற்பியின் மரபணுவில் மாற்றம் இருக்கும். விளைவு, பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொண்ட காலிங் பெல். யாரும் அழுத்தாமலேயே மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, செல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. மிடோஸ்டாரின், கில்டெரிடினிப் என்ற மருந்துகள் செல்லுக்குள் நுழைந்து இந்த பெல்லின் உள்பக்க ஒயரைத் துண்டிக்கின்றன. முதலாவது 2017-லும் அடுத்தது 2018-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

ஆனால் பட்டன் பழுதாகியிருந்தால்தான் அதைக் குறிவைக்க வேண்டும் என்றில்லை. நன்றாக வேலை செய்யும் பட்டனையும் ‘வீட்டு நம்பர்’ மாதிரிப் பயன்படுத்தலாம். பெல்லோடு நமக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை, அந்த பெல் இருக்கும் வீடுதான் வேண்டும். சிடி19, சிடி20 எல்லாம் இந்த வகை.

சிடி நம்பர்கள் எங்கிருந்து வந்தன?

1975-ல் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டீன் இருவரும் ஒரே மாதிரியான ஆன்டிபாடிகளை வேண்டிய அளவுக்குத் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1984-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகு உலகம் முழுக்க ஆய்வகங்கள் ஆளாளுக்கு வெள்ளை அணுக்களின் மேல் ஒட்டும் ஆன்டிபாடிகளைச் செய்யத் தொடங்க, ஒரே புரதத்துக்கு ஊருக்கு ஒரு பெயர் ஆகிவிட்டது. குழப்பத்தைத் தீர்க்க 1982-ல் பாரிஸில் விஞ்ஞானிகள் கூடி வரிசை எண் கொடுக்க ஆரம்பித்தார்கள். இப்போது அந்தப் பட்டியல் 370-ஐத் தாண்டிவிட்டது. கறாராகச் சொன்னால் இவை எல்லாமே ஏற்பிகள் இல்லை. சில, ஏற்பிக்குத் துணை நிற்பவை. மருந்துக்கு அந்த வித்தியாசம் முக்கியமில்லை. கையில் பிடிக்க ஏதோ ஒன்று வெளியே இருந்தால் போதும்.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்து ரத்தத்தையோ எலும்பு மஜ்ஜையையோ பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால், இந்த எண்களை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். ‘ஃப்ளோ சைட்டோமெட்ரி’ அல்லது ‘இம்யூனோஃபீனோடைப்பிங்’ என்று தலைப்புப் போட்ட ரிப்போர்ட். அதில் சிடி10, சிடி19, சிடி33, சிடி34 என்று வரிசையாக இருக்கும். பக்கத்தில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று போட்டிருப்பார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளைச் செல்களோடு கலந்து, ஒவ்வொரு செல்லாக லேசர் ஒளி முன் ஓடவிட்டுப் படிக்கும் சோதனை இது.

இங்கே ஒரு விஷயம். மற்ற ரிப்போர்ட்களில் ‘பாசிட்டிவ்’ என்று பார்த்தாலே நமக்கு வயிறு கலங்கும். இதில் அப்படி இல்லை. அது எந்த வகைப் புற்றுநோய் என்று சொல்லும் விலாசம். சில நேரம், எந்த மருந்துக்கு வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லும் நல்ல செய்தியும்கூட. இந்த ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

முதல் வெற்றி: சிடி20

நம் உடலில் ஆன்டிபாடி தயாரிக்கும் வேலை பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களுடையது. பெரும்பாலான லிம்போமாக்கள் இந்த பி செல்கள் கெட்டுப்போவதால் வருபவை. பி செல்லின் மேல் சிடி20 என்ற புரதம் இருக்கிறது. அதைப் பிடிக்கும் ரிடுக்ஸிமாப் என்ற ஆன்டிபாடி மருந்துக்கு 1997-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. புற்றுநோய்க்கு அங்கே அனுமதி பெற்ற முதல் மோனோகுளோனல் ஆன்டிபாடி அதுதான். லிம்போமா சிகிச்சையையே அது மாற்றிப்போட்டது.

ஏன் அது இவ்வளவு நன்றாக வேலை செய்தது? சிடி20 நல்ல பி செல்களிலும் இருக்கிறது. எனவே மருந்து இரண்டையும் சேர்த்தே அழிக்கிறது. ஆனால் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களில் சிடி20 கிடையாது. ஆக, விதை பத்திரமாக இருக்கிறது. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் புதிய பி செல்கள் முளைத்துவிடும். ஏற்கெனவே ஆன்டிபாடிகளைத் தயாரித்துத் தள்ளிக்கொண்டிருக்கும் பிளாஸ்மா செல்களிலும் சிடி20 கிடையாது. அதனால் பழைய எதிர்ப்பு சக்தியும் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை.

அதாவது, நல்ல இலக்கு என்பது புற்றுநோயில் மட்டும் இருக்கும் அடையாளம் அல்ல. அப்படி ஒன்று கிடைப்பது மிக அபூர்வம். புற்றுநோயோடு சேர்த்து எதை இழந்தாலும் நம்மால் சமாளிக்க முடியுமோ, அதுதான் நல்ல இலக்கு.

2007-ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸ் நிறுவனம் இதே மருந்தின் உள்நாட்டு வடிவமான ரெடிடக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகிலேயே ரிடுக்ஸிமாபுக்கு வந்த முதல் மாற்று வடிவம் அது. பிறகு இன்னும் சில நிறுவனங்கள் வந்தன. இன்று தமிழ்நாட்டில் லிம்போமா சிகிச்சையில் ரிடுக்ஸிமாப் சாதாரணமாகப் புழங்கும் மருந்து.

அடுத்த கட்டம்: சிடி19-ம் கார்-டியும்

சிடி19 கிட்டத்தட்ட அதே பி செல்களில், இன்னும் இளம் பருவத்திலிருந்தே இருக்கிறது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் பி செல் லுகேமியாவிலும் இருக்கிறது. ஆன்டிபாடியை மட்டும் அனுப்பாமல், டி செல் என்ற ‘போலீஸ்’ செல்லுக்கே அந்தக் கண்ணைப் பொருத்தி அனுப்பினால் என்ன என்பதுதான் கார்-டி. (இந்தக் ‘கார்’ ஓஎம்ஆரில் ஓடுவது இல்லை. செயற்கையாகக் கோத்த ஏற்பி என்ற ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள்.)

எப்படிச் செய்கிறார்கள்? நோயாளியின் ரத்தத்தை ஒரு இயந்திரம் வழியாக ஓடவிட்டு வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். பிளேட்லெட் தானம் கொடுத்தவர்களுக்கு இந்த இயந்திரம் பழக்கமாக இருக்கும். பிரித்த டி செல்களை ஆய்வகத்துக்கு அனுப்பி, நோய் உண்டாக்க முடியாதபடி மாற்றிய ஒரு வைரஸ் மூலமாகப் புதிய மரபணுவைச் செலுத்துகிறார்கள். இப்போது அந்த டி செல்லின் வெளிப்பக்கத்தில் இயற்கையில் இல்லாத ஓர் ஏற்பி முளைக்கிறது. அதன் வெளிமுனை சிடி19-ஐப் பிடிக்கும், உள்முனை ‘தாக்கு’ என்று மணி அடிக்கும். அதே காலிங் பெல், இந்த முறை நாமே வடிவமைத்தது. செல்களைப் பெருக்கி, உறைய வைத்து, மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். இதற்குச் சில வாரங்கள் ஆகும். பிறகு ஒரே ஒரு முறை, ரத்தம் ஏற்றுவது போல நரம்பில் ஏற்றுகிறார்கள்.

2012-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் எமிலி ஒயிட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமிக்கு இதைக் கொடுத்தபோது, சில நாட்களில் அவள் சாவின் விளிம்புக்கே போய்விட்டாள். டி செல்கள் புற்றுநோயைத் தாக்கும்போது வெளியிடும் வேதிப்பொருட்கள் உடலெங்கும் தீப்பிடித்ததுபோல ஆகிவிட்டன. ரத்தப் பரிசோதனையில் ஐஎல்-6 என்ற பொருள் எக்கச்சக்கமாக இருந்தது. சிகிச்சையை உருவாக்கிய கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம் இருந்ததால், ஐஎல்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கொடுத்தார்கள், எமிலி பிழைத்தாள். 2022-ல் புற்றுநோய் இல்லாமல் 10 வருடங்களைக் கடந்தாள். அந்த டோசிலிசுமாப் குறிவைப்பதும் ஓர் ஏற்பியைத்தான் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

2017-ல் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. விலை 4,75,000 டாலர். நம்ம ஊர்க் குடும்பங்கள் அதைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போக வேண்டியதுதான் என்ற நிலை.

மும்பையில் ராகுல் புர்வார் தலைமையிலான ஐஐடி குழு தொடங்கியது இந்த இடத்திலிருந்துதான். 2021 ஜூன் 4 அன்று டாடா நினைவு மையத்தின் நவி மும்பை வளாகத்தில் இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சை நடந்தது. 64 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2025-ல் ‘லான்செட் ஹெமட்டாலஜி’ இதழில் வெளியாயின. மதிப்பிட முடிந்த நோயாளிகளில் 73 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. வேறு வழி எதுவும் வேலை செய்யாமல் வந்தவர்கள் இவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும். எல்லோருக்கும் இந்தப் பலன் நீடிப்பதில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2025 ஜனவரியில் பெங்களூரின் இம்யூனீல் நிறுவனம் ‘கார்டெமி’ என்ற இரண்டாவது கார்-டி சிகிச்சையைக் கொண்டுவந்தது. அதன் இலக்கும் சிடி19 தான்.

பி செல்கள் முழுக்க அழிந்துபோனால் பரவாயில்லையா என்று கேட்கலாம். பரவாயில்லை என்று சொல்ல முடியாது, சமாளிக்கலாம் என்று சொல்லலாம். தொற்று அபாயம் கூடும். மற்றவர்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடியை ஊசி மூலம் ஏற்றி ஈடுகட்டுகிறார்கள். பி செல் இல்லாமல் ஒரு மனிதர் வருடக்கணக்கில் வாழ முடியும்.

அப்படியானால் ஏஎம்எல்-க்கு ஏன் இன்னும் வரவில்லை?

‘கார்-டி வந்தாச்சுன்னு நியூஸ்ல பார்த்தோம், எங்கப்பாவுக்குக் கொடுக்க முடியுமா?’ என்று கேட்பவர்களில் பலருக்கு மருத்துவரிடமிருந்து ‘இல்லை’ என்று பதில் வருவது இங்கேதான். ரத்தப் புற்றுநோய் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது பல நோய்கள். பெரியவர்களுக்கு வரும் தீவிர லுகேமியாவில் பெரும்பான்மை ஏஎம்எல். அது பி செல் நோய் இல்லை. அதன் மேல் பெரும்பாலும் சிடி19 இருப்பதில்லை.

அதன் மேல் இருப்பது சிடி33, சிடி123 போன்றவை. ஏஎம்எல் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு சிடி33 இருக்கிறது. அப்புறம் என்ன தடை?

சிடி33 நம் நல்ல மைலாய்டு செல்களிலும் இருக்கிறது. கிருமி வந்தவுடன் ஓடிவரும் நியூட்ரோஃபில்கள் உருவாகும் பாதையில் இருக்கும் செல்கள் அவை. பி செல் இல்லாமல் வருடக்கணக்கில் இருக்கலாம், நியூட்ரோஃபில் இல்லாமல் சில வாரங்கள் தாண்டுவதே கஷ்டம். சாதாரணத் தொற்றே உயிரை எடுத்துவிடும். தானம் பெற்று ஈடுகட்ட எளிதான வழியும் இல்லை. சிடி19-ல் கிடைத்த ‘இழந்தாலும் சமாளிக்கலாம்’ என்ற சலுகை சிடி33-ல் இல்லை.

முயற்சிக்காமல் இல்லை. சிடி33-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியில் விஷ மருந்தைக் கட்டி அனுப்பும் ஜெம்டுசுமாப் 2000-த்திலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த ஆய்வில் பலன் நிரூபணமாகவில்லை, ஆரம்பக்கட்ட உயிரிழப்புகள் அதிகமாகத் தெரிந்தன. 2010-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பிறகு அளவைக் குறைத்துப் பிரித்துக் கொடுத்தால் குறிப்பிட்ட நோயாளிகளுக்கு உதவுகிறது என்று தெரிந்து 2017-ல் மறுபடி வந்தது. ஒரே இலக்கு, ஒரே மருந்து, 17 வருடத்தில் இரண்டு பிறவி.

இதைவிட வித்தியாசமான யோசனை ஒன்று உண்டு. இலக்கை மாற்ற முடியவில்லையா, நல்ல செல்லை மாற்றிவிடலாம். புற்றுநோய் பற்றிய நூலால் பலருக்கும் பரிச்சயமான மருத்துவர் சித்தார்த்த முகர்ஜியின் ஆய்வுக்குழு உட்படச் சிலர் கேட்ட கேள்வி: ரத்தம் உருவாக சிடி33 அவசியமா? அவசியமில்லை என்று தெரிந்தது. எனவே தானம் கொடுப்பவரின் ஸ்டெம் செல்லிலிருந்து சிடி33 மரபணுவை வெட்டிவிட்டு நோயாளிக்குப் பொருத்தினால், அதன் பிறகு சிடி33-ஐத் தாக்கும் மருந்து புற்றுநோயை மட்டும்தான் பார்க்கும். லாரிக்கு மட்டும் கட்டணம் வாங்க வேண்டும், வித்தியாசம் தெரியவில்லை என்றால், மற்ற வண்டிகளின் வடிவத்தையே மாற்றிவிடுவது மாதிரி! மனிதர்களிடம் சோதித்தபோது அந்த வெட்டப்பட்ட ஸ்டெம் செல்கள் வேரூன்றி ரத்தம் உற்பத்தி செய்தன. ஆனால் அதை முன்னெடுத்த அமெரிக்க நிறுவனம் 2025 மே மாதம் அந்த ஆய்வுகளை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. யோசனை செத்துவிடவில்லை, கையில் இருந்த நிறுவனம்தான் பின்வாங்கியது.

அதுவரை, கீமோவும், பொருத்தமானவர்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றமும்தான் ஏஎம்எல்-க்கு முக்கிய வழி. வேலூர் சிஎம்சி இதை 1986-லிருந்து செய்துவருகிறது. தானம் கொடுப்பவரைத் தேடும் ‘தாத்ரி’ பதிவேடு 2009-ல் சென்னையில் தொடங்கப்பட்டது.

புற்றுநோயும் சும்மா இருப்பதில்லை

சிடி19 கார்-டி எடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நோய் திரும்புகிறது. அவர்களில் சிலரின் செல்களைப் பார்த்தால், சிடி19 காணாமல் போயிருக்கும். போர்டைக் கழற்றிவிட்டுப் போன வாடகை கார் மாதிரி. மருந்து சுற்றிச் சுற்றி வந்தும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் திரும்ப வந்த நோய்க்கு, பழைய ரிப்போர்ட்டை நம்பாமல் புதிதாக ஃப்ளோ சைட்டோமெட்ரி எடுக்கச் சொல்கிறார்கள். அப்போது சிடி22 இருந்தால், அதைக் குறிவைக்கும் வேறு மருந்து உண்டு.

எல்லா நல்ல யோசனையும் பலிப்பதுமில்லை. சிடி47 என்ற புரதம், நம்மைச் சுத்தம் செய்யும் விழுங்கு செல்களிடம் ‘என்னைத் தின்னாதே’ என்று சொல்லும் பலகை. லுகேமியா செல்கள் இந்தப் பலகையை அதிகமாக மாட்டிக்கொள்கின்றன. அதை மறைத்துவிட்டால் விழுங்கு செல்கள் தின்றுவிடும் என்று ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்தார்கள். கேட்கவே அழகாக இருக்கிறதல்லவா? கிலியட் நிறுவனம் அந்த மருந்தைப் பெரிய ஆய்வுக்குக் கொண்டுபோனது. 2023-லும் 2024-லும் அந்த ஆய்வுகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. எதிர்பார்த்த பலன் இல்லை. சிவப்பணுக்களிலும் சிடி47 இருப்பதால் ரத்தசோகை வருவது முதலிலிருந்தே ஒரு தொல்லை. மறுபடியும் அதே கேள்விதான்: இந்த அடையாளம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது?

மைலோமாவில் இந்தக் கேள்விக்கு இன்னும் விசித்திரமான பதில்கள் கிடைக்கின்றன. பிளாஸ்மா செல்கள் கெட்டுப்போகும் நோய் அது. பிசிஎம்ஏ என்ற ஏற்பி பெரும்பாலும் அந்தச் செல்களோடு நின்றுவிடுகிறது, எனவே கார்-டி வெற்றிகரமாக வந்தது. 2021-ல் ஒன்று, 2022-ல் இன்னொன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அடுத்து ஜிபிஆர்சி5டி என்ற இலக்கு. அதற்கான டால்கெடமாப் 2023-ல் அனுமதி பெற்றது. இந்தப் புரதம் மைலோமா தவிர நகம், முடி வேர், நாக்கு போன்ற இடங்களிலும் இருக்கிறது. அதனால் மருந்து எடுப்பவர்களுக்கு நகம் உரியும், தோல் உரியும், நாக்கில் ருசி போய்விடும். உயிரோடு ஒப்பிட்டால் சிறிய விஷயம்தான். ஆனால் மாதக்கணக்கில் ரசத்துக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாமல் சாப்பிட்டுப் பார்த்தால்தான் அது சிறிய விஷயமா என்று தெரியும்.

காசு யார் கொடுப்பது?

நெக்ஸ்கார்19-இன் விலை ஏறக்குறைய 30 முதல் 40 லட்சம் ரூபாய். வெளிநாட்டு விலையில் பத்தில் ஒரு பங்கு என்று 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு ஐஐடி பாம்பேயில் அறிமுகப்படுத்தியபோது எல்லோரும் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் ஒப்பிட வேண்டியது அமெரிக்க விலையோடு அல்ல, நம் காப்பீட்டோடு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். கீமோ உள்ளிட்ட புற்றுநோய் சிகிச்சைகள் அதில் உண்டு. 5 லட்சத்துக்கும் 35 லட்சத்துக்கும் நடுவே இருக்கும் தூரம் சாதாரணமானது இல்லை.

சரி, நாவலூர், சிறுசேரி ஐடி ஊழியர்களின் கம்பெனி பாலிசி? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, அவற்றைப் பாலிசியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்றது. ஊசியாகப் போடும் மோனோகுளோனல் ஆன்டிபாடி அதில் இருக்கிறது. அதாவது ரிடுக்ஸிமாப் மாதிரியான மருந்துகள். எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கான ஸ்டெம் செல் சிகிச்சையும் இருக்கிறது. கார்-டி என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. தவிர, பட்டியலில் உள்ளவற்றுக்கும் ‘இவ்வளவுதான் தருவோம்’ என்று உள்வரம்பு வைக்க நிறுவனங்களுக்கு இடமுண்டு. உங்கள் பாலிசியில் ‘நவீன சிகிச்சைகள்’ என்ற பத்தியைத் தேடி, உள்வரம்பு எவ்வளவு என்று இப்போதே ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது. பெற்றோரையும் பாலிசியில் சேர்த்திருந்தால் கட்டாயம் பாருங்கள்.

விலை தானாகக் குறைந்துவிடாதா? சென்னைக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவுக்கான இமாடினிப் மாத்திரைக்கு நோவார்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னை காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006 ஜனவரியில் அது மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்த வழக்கு, கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆன மாத்திரை, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பில் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. (இமாடினிப்பின் இலக்கு செல்லுக்கு உள்ளே இருப்பது. சின்ன மூலக்கூறு என்பதால் மாத்திரையாக உள்ளே நுழைந்துவிடுகிறது.)

மாத்திரையை நகலெடுக்கலாம். ஆன்டிபாடியையும் கொஞ்சம் சிரமப்பட்டால் ரெடிடக்ஸ் மாதிரி நகலெடுக்கலாம். கார்-டியை அப்படிச் செய்ய முடியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய செல்லிலிருந்தே தனியாகத் தயாராகும் ஒரே ஒரு பை அது. சென்னையில் எடுத்த செல் நவி மும்பை போய்த் திரும்பி வர வேண்டும். வைரஸ் தயாரிப்பு, சுத்த அறை, தரப் பரிசோதனை என்று செலவு முழுக்க ஒவ்வொரு பைக்கும் புதிதாக ஆகும். மருத்துவமனை அருகிலேயே தயாரிப்பது, வைரஸை உள்நாட்டில் மலிவாகச் செய்வது போன்ற வழிகளில்தான் இந்த விலை இறங்க முடியும். ஜெனரிக் வரும் என்று காத்திருந்தால் வராது.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

முதலில் நோயின் முழுப் பெயர். ‘பிளட் கேன்சர்’ என்பதோடு நிறுத்தாமல், பி செல்லா, டி செல்லா, மைலாய்டா, பிளாஸ்மா செல்லா என்று கேளுங்கள். அடுத்து, ஃப்ளோ சைட்டோமெட்ரியில் எந்த அடையாளங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு இங்கே கிடைக்கும் மருந்து உண்டா என்று கேளுங்கள். நெக்ஸ்கார்19 பற்றிக் கேட்பதாக இருந்தால், அது 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, சிடி19 உள்ள பி செல் நோய் மற்ற சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாதபோதோ திரும்ப வந்தபோதோ கொடுக்க அனுமதிக்கப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். முதல் மருந்தாகக் கொடுப்பதில்லை.

இன்னொன்று, பெரும்பாலானவர்களுக்குத் தெரியாதது. மைலோமாவுக்குக் கொடுக்கும் டராடுமுமாப் சிடி38-ஐக் குறிவைக்கிறது. சிவப்பணுக்களிலும் சிடி38 கொஞ்சம் இருப்பதால், இந்த மருந்து உடலில் இருக்கும்போது ரத்த வங்கியின் பொருத்தம் பார்க்கும் சோதனை குழம்பிவிடும். எந்த யூனிட்டை எடுத்தாலும் ‘பொருந்தவில்லை’ என்று காட்டும். மருந்தை நிறுத்தி 6 மாதம் வரைகூட இது நீடிக்கலாம். எனவே முதல் ஊசிக்கு முன்பே ரத்த வகையும் ஆன்டிபாடி சோதனையும் எடுத்து, அந்த முடிவை ஒரு அட்டையில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் விபத்து ஏதாவது நடந்து வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், ரத்தம் ஏற்றுவதற்கு முன்பு அங்கே காட்ட வேண்டிய முதல் காகிதம் அதுதான்.